சோப்பு வாங்கப் போன மாமியார்

கடைக்குப் போய் ஒரு சோப்பு வாங்கி வர என்ன படிப்பு வேண்டும்? எங்கள் ராயபுரத்தில் இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும், எழுதப் படிக்க இங்கிலீஷ் வேண்டும், ஒரு தடவை பார்த்ததை மறக்காத புத்தி வேண்டும், ஒரு தடவை பார்த்தவர் மறந்துவிடுகிற முகம் வேண்டும். இவ்வளவும் என்னிடம் இருப்பதாக ஒரு கம்பெனி ஆபீசரே சொல்லி வேலை கொடுத்தார். அதற்கு வேண்டிய இன்னொரு தகுதியைப் பற்றி அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது ஒரு பெண்ணின் கல்யாணம் ஆட்டம் கண்டிருந்தது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் லூர்தம்மாள் மாதிரி நம்ப மாட்டீர்கள். (அந்த அம்மாள் யார் என்று பிறகு வரும். அவர் வராத இடம் எங்கள் பேட்டையில் இல்லை.) வெண்முத்து என்று ஒரு சோப்பு. கடைக்காரர்கள் அதை முன்னால் எடுத்து வைக்கிறார்களா, வேறு சோப்பைத் தலையில் கட்டுகிறார்களா, வருகிறவர்களிடம் மரியாதையாகப் பேசுகிறார்களா, கடை சுத்தமாக இருக்கிறதா என்றெல்லாம் அந்தக் கம்பெனிக்குத் தெரிய வேண்டும். கோட்டுப் போட்ட ஆளை அனுப்பினால் கடைக்காரர் உஷாராகிவிடுவார். அதனால் ஒரு குடும்பப் பெண்ணைச் சாமான் வாங்க வந்தவள் போல அனுப்புவது, அவள் பார்த்ததையும் கேட்டதையும் ஆபீசுக்கு வந்து சொல்வது. சீமையில் இதெல்லாம் சகஜமாம். அந்தக் கம்பெனியில் இதை ஆரம்பித்துவைத்த பெருமை எனக்கு. முடித்துவைத்த பெருமையும் எனக்கே.

சோற்றுக்கு இல்லாமல் நான் அந்த வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் அந்தோணி துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்க்கிற உத்தியோகம். எங்களுக்கு ஒரே பிள்ளை, சேவியர். அவன் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவன் போன பிறகும் நான் மூன்று பேருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானத்தில் மிச்சச் சோற்றுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். துறைமுகப் பக்கம் எந்தக் கப்பல் சங்கு ஊதினாலும் சிலுவை போட்டுக்கொள்வேன்.

"அது மண்ணு வார்ற கப்பல்மே" என்பார் அந்தோணி. "அது எங்கியும் போவாது. இங்கியே சேறு அள்ளிகினு கீது. அதுக்கு இன்னாத்துக்கு ஜெபம்?"

பேப்பரில் புயல் என்று ஒரு வரி வந்தால் போதும். எந்தக் கடல், எந்தத் தேசம் என்று பார்க்கக்கூட மாட்டேன். அழத் தொடங்கிவிடுவேன். கடைசியில் அவர்தான் சொன்னார். "எதுனா வேலைக்குப் போமே திரேசு. நீ வூட்ல குந்திகினு, மிதக்கிற கப்பலை எல்லாம் முழுகடிச்சிகினு கீற."

கான்வென்ட்டில் எனக்குப் பாடம் சொன்ன மதர் சிபாரிசு செய்தார். கம்பெனி ஆபீசில் ரங்கசாமி சார் என்கிற விற்பனை அதிகாரியின் முன்னால் போய் உட்கார்ந்தேன். சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார். இங்கிலீஷில் ஒரு பத்தி படிக்கச் சொன்னார். காப்பி வந்தது. குடித்து முடித்ததும், "இப்ப காப்பி கொண்டுவந்த பியூனைப் பத்திச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தேன். "இடது காலைச் சாய்ச்சு நடக்கிறார். சட்டையில ஒரு பொத்தான் மட்டும் வேற நிறம். விரல்ல மோதிரத் தடம் இருக்கு, மோதிரம் இல்லை. அடகுல இருக்கும்போல. வர வழியில என் காப்பியில ஒரு வாய் குடிச்சிருக்கார், மீசையில நுரை."

ரங்கசாமி சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த பியூனுக்குக் குளிரவில்லை.

"அபாரம்மா! உங்க முகமும் ரொம்பப் பொருத்தம். எத்தனை தடவை பார்த்தாலும் யாருக்கும் ஞாபகம் இருக்காது."

இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியாமலே நன்றி சொன்னேன். வீட்டில் வந்து சொன்னபோது அந்தோணி சற்று யோசித்துவிட்டு, "மெய்தான். கண்ணாலம் ஆன புதுசுல எனுக்கே ரெண்டு மூணு தபா கொயம்பிடுச்சி" என்றார்.

பிறகு பயிற்சி. என்ன வாங்க வந்தோம் என்பதை முதலில் சொல்லக் கூடாது. நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். எத்தனை காலமாக இங்கே இருக்கிறீர்கள், தொழில் எப்படி என்று பேச்சுக் கொடுக்க வேண்டும். மற்றவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஓரமாக இருந்து கவனிக்க வேண்டும். சில நாள் கழித்து மறுபடி போக வேண்டும். பெயர், ஊர், மதம் எதுவும் வெளியே தெரியக் கூடாது. தலையே போனாலும் கம்பெனி பெயரைச் சொல்லக் கூடாது. "மாட்டிக்கிட்டா எங்களைத் தேடி வராதீங்க. உங்களைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுவோம்" என்று ரங்கசாமி சார் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இந்த விதிகளை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் இப்படியெல்லாம் நடந்துகொள்கிறவள் ஒருத்திதான்: மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் பெண்ணை நோட்டம் பார்க்க வருகிறவள். முறையாகப் பெண் பார்ப்பதற்கு முன்னால், பையனின் அத்தையோ பெரியம்மாவோ வழியோடு போகிறவள்போல அந்தத் தெருவுக்குப் போவாள். எதையாவது விசாரிப்பாள். வெயில் என்று சொல்லிக் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். பெண் செம்பைக் கொண்டுவரும் நடையைப் பார்ப்பாள், செம்பு துலக்கியிருக்கும் அழகைப் பார்ப்பாள், போய்விடுவாள். வந்தவள் யார் என்று பெண் வீட்டாருக்குத் தெரியும். தெரியாததுபோல இருப்பார்கள். இது ரங்கசாமி சாருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரியும். ஆனால் பிள்ளை கடலில் இருக்கும்போது பெண் பார்க்கும் யோசனை எங்கே வரும்? என் புத்தி முழுக்கச் சோப்பில் இருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ராயபுரத்தில் எனக்கு வேஷம் போட வழியில்லை. தெரு நாய்க்குக்கூட என்னைத் தெரியும். அதனால் திருவொற்றியூரை ஒதுக்கினார்கள். தீப்பெட்டி ஃபேக்டரிக்குப் போகிற வழியில் ஒரு மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. கடைக்காரர் அருளப்பன். சாதாரணக் குடும்பப் பெண்ணாகத் தெரிய வேண்டுமே என்று, பெரிய திருநாளுக்குக் கட்டும் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். (அந்த விறைப்பில் உட்காரவே முடியவில்லை. நின்றுகொண்டேதான் போனேன்.)

"வாம்மா. இன்னா வோணும்?" என்றார் அருளப்பன்.

"ஒண்ணும் வேணாம். சும்மா பார்க்கிறேன்."

மளிகைக் கடையில் சும்மா பார்க்க என்ன இருக்கிறது? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் விதிப்படி உளுந்து, பருப்பு, எண்ணெய் டின், விளக்குமாறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கல்லாவுக்கு மேலே மாதா படம் மாட்டியிருந்தது. மதத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்பது மண்டைக்கு நினைவு வருவதற்குள் கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, இரண்டு தோளையும் தொட்டுவிட்டு வந்துவிட்டது.

அருளப்பன் எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்து ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டார். "குந்தும்மா. ராயபுரத்துலேர்ந்து வர்றீங்களா?"

"இல்லை" என்றேன் அவசரமாக. அவர் முகம் மலர்ந்துவிட்டது. நோட்டம் பார்க்க வருகிறவள் ஆமாம் என்றா சொல்லுவாள்?

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று பாடத்தை ஆரம்பித்தேன். அவர் தன் அப்பா காலத்திலிருந்து சொன்னார். குடிப்பழக்கம் இல்லை என்றார். தம்பி ஒருவன் எண்ணூரில் கௌரவமாக இருக்கிறான் என்றார். ஒரு கடைக்காரர் இவ்வளவு விவரம் சொல்கிறாரே, என்ன வெளிப்படை என்று மனதுக்குள் மார்க் போட்டுக்கொண்டே வந்தேன். வெயில் தாங்கவில்லை. கடைசியில் கேட்கக் கூடாத அந்த ஒன்றைக் கேட்டேன்.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

உள்ளே ஏதோ பாத்திரம் உருண்டது. யாரோ யாரையோ அதட்டினார்கள். பிறகு பளபளவென்று துலக்கிய செம்போடு அவருடைய மகள் ஸ்டெல்லா வந்தாள். தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேராக என்னைப் பார்த்தாள்.

"வெயில்ல நடந்து வந்தீங்களா? மொள்ள குடிங்க. மடக்கு மடக்குனு குடிச்சா தொண்டை கட்டிக்கும்."

வீட்டில் என்னிடம் யாரும் அப்படிச் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. தண்ணீரைக் குடித்தேன். செம்பைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. சேவியருக்குக் குடத்தோடு தூக்கித் தண்ணீர் குடிக்கிற பழக்கம், சட்டையெல்லாம் நனைந்துவிடும். இந்தப் பெண் அதைப் பார்த்தால் என்ன சொல்வாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வந்த வேலை நினைவுக்கு வந்தபோது, அவளிடமே நல்ல சோப்பு எது என்று கேட்டேன்.

"வெண்முத்து போடுங்க, துணி நல்லா வெளுக்கும். ஆனா கைக்கு ஆவாது. தோ பாருங்க" என்று உள்ளங்கையை நீட்டினாள். சிவந்து தோல் உரிந்திருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் அவள் அம்மா செசிலி விட்ட நிம்மதிப் பெருமூச்சு எனக்கே கேட்டது.

மறுநாள் ஆபீசில் போய் ஒப்பித்தேன். ரங்கசாமி சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாற்காலி போட்டாங்களா? மளிகைக் கடையிலயா?"

"ஆமாம் சார். தண்ணீர் கொடுத்தாங்க. திரும்பும்போது பஸ் வர்ற வரைக்கும் கூட நின்னாங்க."

"மாதிரிக் கடைம்மா அது! இன்னொரு தடவை போய்ப் பாருங்க."

போகச் சொன்னதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அன்று வீட்டில் நான் சோப்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஸ்டெல்லாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். "அந்த மாதிரி ஒரு பொண்ணு இருந்தா நம்ம சேவியர் கரை இறங்கிடுவான்" என்றேன். அந்தோணி பீடியைப் பற்றவைத்தார்.

இரண்டாம் தடவை போனபோது செசிலி என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தாள். வாழையிலை போட்டாள். வஞ்சிர மீன் குழம்பு. சோப்பு வாங்க வந்தவளுக்கு வஞ்சிரம் வைக்கிற மளிகைக் கடை உலகத்தில் உண்டா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கவில்லை. திருவொற்றியூரில் கடைக்காரர்களுக்கு இருக்கிற மரியாதை மற்ற ஊரில் இல்லையே என்று உருகிக்கொண்டு இரண்டாம் தடவை சோறு வாங்கினேன். பொண்ணு என்ன படிச்சிருக்கு, ஜெபமாலை தினமும் சொல்லுவாளா, மீன் ஆய வருமா என்று கேட்டேன். இவை ரங்கசாமி சார் கொடுத்த கேள்விகள் அல்ல. தாமாக வந்தன.

கை கழுவிவிட்டுக் கடைப் பக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போது தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓர் அம்மாள் கடை முன்னால் வந்து நின்றாள். முக்காட்டுக்குள் பார்த்தேன். லூர்தம்மாள்!

எங்கள் கோயிலில் சுற்றுப்பிரகாரம் புறப்பட்டால் மெழுகுவர்த்தியோடு முதலில் நடக்கிறவர். எங்கள் தெருவிலேயே நான்கு வீடு தள்ளி இருக்கிறவர். இவரிடம் மாட்டினால் கம்பெனி ரகசியம் அடுத்த பூசைக்குள் ராயபுரம் முழுக்கப் போய்விடும். நான் சட்டென்று என் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தேன். அதைவிட வேகமாக அவரும் தன் முக்காட்டை இழுத்தார். முப்பது வருஷமாக ஒரே கோயிலில் முட்டிபோட்ட இரண்டு பேர், இரண்டு முழ தூரத்தில், ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை என்பதுபோல் பருப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குள் அப்பாடா என்று இருந்தது. அவருக்கும் என்னைத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.

"ஏம்மா, சித்த தள்ளி நில்லு" என்றார் அருளப்பன் லூர்தம்மாளைப் பார்த்து. "பெரியவங்க குந்திகினு கீறாங்க. காத்து மறைக்குதுல்ல."

லூர்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளி நின்றார். "தாகமா கீது. குடிக்கத் தண்ணி கெடைக்குமா?"

"தோ, தெரு முனையில கொழாயி கீது பாரு."

முக்காடு ஒரு விநாடி அசையாமல் நின்றது. பிறகு திரும்பி விடுவிடுவென்று பஸ்ஸை நோக்கிப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது லூர்தம்மாள் படிக்கட்டில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இன்னா திரேசு, ராயபுரத்துல சோறு கெடைக்கிலியா? மீனு தின்ன திருவொத்தியூர் போற?"

நான் ஒதுங்கிப் படி இறங்கப் பார்த்தேன், அவர் வழியை மறித்தார்.

"எங்கண்ணன் பையன் பீட்டருக்கு அந்தப் பொண்ணைப் பேசிகினு கீறோம். நான் நோட்டம் பாக்கப் போனா எனுக்குக் கொழாயி, உனுக்கு நாற்காலியா? கப்பல்ல போனவனுக்குப் பொண்ணு வோணும்னா வேற வூட்ல பாரு. போட்டிக்கு வந்து குந்திகினு கீற! அந்த வூடும் வேணாம், அவங்க திமிரும் வேணாம்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

அப்போதுதான் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விளங்கியது. நாற்காலி, தண்ணீர், குழம்பு, பெருமூச்சு. அன்றைக்கே பஸ் ஏறினேன். கம்பெனி விதி மண்ணாங்கட்டியாகப் போகட்டும் என்று அருளப்பன் முன்னால் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். "நான் மாப்பிள்ளை வீட்டு ஆள் இல்லைங்க. சோப்புக் கம்பெனி ஆள். உங்க கடையைப் பார்க்க வந்தேன்."

அருளப்பன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ அந்தக் கொழாயி அம்மா?" என்றார்.

"அவங்கதான் பீட்டரோட அத்தை."

செசிலி தலையில் கை வைத்துக்கொண்டு கதவோரம் சரிந்து உட்கார்ந்தாள். ஸ்டெல்லா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாகப் பேசுவாள் என்று பார்த்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"போன வருசம் தேர்த் திருநாள்ல அவரைப் பார்த்தேங்க. அவரும் பார்த்தாரு. அப்பால அவரே வூட்ல சொல்லித்தான் பேச்சு ஆரம்பிச்சுது. அத்தைக்குப் புடிக்கணுமேனுதான் உங்களை அவ்ளோ பார்த்துகினேன்." பிறகு, "சோப்பு பாக்க வந்தவங்கன்னா கண்ணு சோப்பு மேல இருக்கணும்ல? நீங்க என் மேலயே கண்ணா இருந்தீங்களே. அப்போ நாங்க இன்னா நெனைப்போம்?" என்றாள்.

ரங்கசாமி சார் கேட்க மறந்த தகுதி அதுதான். அந்த வேலைக்குப் போகிறவளுக்கு எந்த வீட்டின் மேலும் ஆசை வரக் கூடாது. மொள்ள குடிங்க என்று அவள் சொன்னது எனக்கு அல்ல. பீட்டரின் அத்தைக்கு. தப்பான வீட்டுக்கு வந்த பலகாரத்தை உட்கார்ந்து ருசித்துத் தின்றவள் நான். திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதேன். எதற்கு என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கேட்டபோது பல்வலி என்றேன்.

கல்யாணத்தை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று லூர்தம்மாள் வீட்டுக்கு ஓடினேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"அதாவது, நீ கடைக்குப் போயி சாமான் வாங்குவ. அதுக்கு உனுக்குச் சம்பளம்."

"ஆமாக்கா."

"யாருகிட்ட டபாய்க்கிற?"

"மாதா சத்தியமா!"

"மாதாவை ஏன் இஸ்துகினு வர்ற? அப்போ நானும் நாப்பது வருசமா கடைக்குப் போறேனே, எனுக்கு யாரு குடுக்கிறா?"

வேறு வழி தெரியவில்லை. மறுநாள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரை ஆபீசுக்கே அழைத்துப் போனேன். ரங்கசாமி சார் முன்னால் போய் நின்று, "சார், நான் உங்ககிட்ட வேலை பார்க்கிறேன்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு பெண்ணோட வாழ்க்கை சார்" என்றேன்.

ரங்கசாமி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "யாரும்மா நீங்க?"

"சார்! நான்தான் திரேஸ்!"

"எந்தத் திரேஸ்? எங்க கம்பெனியில அப்படி யாரும் இல்லையே." பியூனைக் கூப்பிட்டார். "இந்த அம்மாவை இங்கே பார்த்திருக்கியா?"

பியூன் என் முகத்துக்கு நேரே குனிந்து, ஆற அமர, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். அந்த நாளுக்காகவே காத்திருந்தவன் போல இருந்தது. "இந்த மூஞ்சியைப் பார்த்த ஞாபகமே இல்ல சார்."

(பிறகொரு நாள் வேலையிலிருந்து நீக்கிவிட்டதைச் சொல்லக் கூப்பிட்டபோது ரங்கசாமி சார், "எப்படிச் சமாளிச்சேன் பார்த்தீங்களா?" என்று பெருமையாகக் கேட்டார்.)

வெளியே வந்தோம். என் காது இரண்டும் எரிந்துகொண்டிருந்தது. லூர்தம்மாள் பஸ் ஸ்டாண்டு வரையில் எனக்கு முன்னால் நடந்தார். அங்கே வந்ததும் என்னைப் பார்த்து, நிஜமாகவே ஆச்சரியப்பட்டவராகச் சொன்னார்.

"ஆபீசுல இட்டுனு போயி இம்மாம் பெரிய பொய்யை ஜோடிக்கிறியே திரேசு. படிச்சவ நீ. ஒரு பொண்ணுக்காவ இம்மாம் கஷ்டப்படுறன்னா, அந்தப் பொண்ணு லேசுப்பட்டதா இருக்காது. அப்போ நான் ஏன் அவளை வுடணும்?"

அன்று சாயந்தரமே அண்ணனை இழுத்துக்கொண்டு திருவொற்றியூர் போய்விட்டார். நான் போட்டிக்கு வந்துவிடுவேன் என்ற பயத்தில் அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். இரண்டு நாற்காலி போட்டார்களாம். என் உண்மையை ஒருவரும் நம்பவில்லை. நான் சொல்லாத பொய்யை எல்லோரும் நம்பினார்கள். அதில் கல்யாணம் பிழைத்தது.

தவக்காலம் முடிந்து கல்யாணம் என்று தீர்மானமாயிற்று. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லலாம் என்று சாமியார் பூசை நடுவில் அறிவிப்பார். முதல் ஞாயிறு பீட்டர், ஸ்டெல்லா என்று பெயர் சொல்லி, "தடை தெரிந்தவர்கள்" என்றாரே பார்க்கலாம், ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், பூசைக்கு உதவுகிற பீடத்துப் பிள்ளைகள் உட்பட கோயில் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் என் கால் விரல்களைப் பார்த்தேன். இரண்டாம் ஞாயிறும் அப்படியே. சாமியாரும் அந்த வார்த்தைக்குப் பிறகு வழக்கத்தைவிடச் சற்று அதிகம் நிறுத்தியதாக எனக்குத் தோன்றியது.

மூன்றாம் ஞாயிறுக்கு முந்தின சாயந்தரம் அந்தோணி வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். கப்பலுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"ஒண்ணும் ஆவல, குந்து. நீ அந்தப் பொண்ணைப் பத்திச் சொன்னல்ல, அப்போ பினாங்கு போற ஆளுகிட்ட சேவியருக்குச் சொல்லிவுட்டேன். அம்மா உனுக்கு ஒரு பொண்ணு பார்த்துகீதுன்னு. கேட்டா வருவான்னுதான்." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அப்பால இவ்ளோ நடந்துபோச்சு, மறந்தே பூட்டேன். இன்னிக்கு அந்த ஆளு திரும்பி வந்துகீறான். சேவியர் கேட்டுவுட்டானாம். அந்தப் பொண்ணு நான் வர்ற வரைக்கும் இருக்குமான்னு."

இரண்டு வருஷத்தில் தான் திரும்பி வருவதைப் பற்றிச் சேவியர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கோயிலில் ஓலை வாசித்தார்கள். "தடை தெரிந்தவர்கள்" என்றார் சாமியார். எல்லோரும் திரும்பினார்கள். லூர்தம்மாள் எழுந்தே நின்றுவிட்டார். என் தொண்டையில் ஒரு பேர் வந்து நின்றது, என் பிள்ளையின் பேர். ஆண்கள் பக்கம் பீட்டர் உட்கார்ந்திருந்தான். காது நுனிவரை சிவந்து, சிரிப்பை அடக்க முடியாமல், சந்தோஷத்தில் திருதிருவென்று விழித்துக்கொண்டு. தேர்த் திருநாளில் அவள் பார்த்த முகம் அதுதான். நான் முட்டிபோட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். சாமியார் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார்.

சேவியர் வேறு கப்பலுக்கு மாறிப் போய்விட்டான். இன்னும் வரவில்லை. ஸ்டெல்லா இப்போது இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். இடுப்பில் ஒரு குழந்தை. என்னைக் கண்டால் தெரு முழுக்கக் கேட்கும்படி, "இன்னா, தப்பிப்போன மாமியாரே, சாப்ட்டீங்களா?" என்பாள். எங்கள் வீட்டுக் கேலியும் அதோடு சேர்ந்துகொண்டது. நான் பையை எடுத்தால் அந்தோணி, "சோப்புக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்காமல் விடமாட்டார். எந்தக் கடைக்குப் போனாலும் என்ன வேண்டும் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுவேன். எவ்வளவு தாகம் எடுத்தாலும் வெளியே தண்ணீர் கேட்பதில்லை.

இன்றும் யாருக்கு ஓலை வாசித்தாலும், "தடை" என்ற சொல் வந்ததும் கோயில் மொத்தமும் திரும்பி என்னைப் பார்க்கிறது. விவரம் தெரியாத சின்னப் பிள்ளைகள்கூட அதுவும் பூசையில் ஒரு பகுதி என்று நினைத்துத் திரும்புகிறார்கள். முதலில் திரும்பிச் சிரிக்கிறவள் ஸ்டெல்லாதான். நானும் சிரித்துவிடுவேன். அப்படி அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி பீடத்தின் பக்கம் திரும்புகிற அந்த ஒரு கணத்தில், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று, நான் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.